இருபத்தேழு மணி நேரம்

வான்கூவர்
21 பிப்ரவரி 1988

அன்புள்ள சிலேஷேவுக்கு,

கசோண்டே எழுதுவது. நான் இங்கே நலம். நீ, அம்மா, முவிலா எல்லோரும் நலமாயிருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு.

அம்மாவின் கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது, டாக்டர் இதயம் களைத்துவிட்டதாகச் சொல்கிறார் என்று ஜனவரியில் நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து ஓடி வந்துவிட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், கிட்வேயில் பஸ் ஏறி லுசாக்காவில் இறங்குகிற மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. நான் இருப்பது உலகத்தின் மறுகோடி. இங்கே புறப்பட்டு அங்கே வந்து சேர மூன்று நாள். திரும்பி வர மூன்று நாள். எனக்குக் கிடைக்கக்கூடிய விடுப்போ ஒரு வாரம். ஆறு நாளை வானத்தில் தொலைத்துவிட்டு ஒரே ஒரு நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு வருடப் படிப்பு முடிந்தும் ஏன் இன்னும் இருக்கிறீர்கள் என்று மறுபடி கேட்டிருக்கிறாய். மரங்களைப் பற்றிய படிப்பு ஏட்டோடு முடிவதில்லை. பரிசோதனைக் கூடத்தில் பழகினால்தான் ஊரில் மதிப்பு. நான்கு வருடம் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறு.

அம்மாவுக்கு உப்பைக் குறைத்துக் கொடு. காலைத் தலையணைமேல் தூக்கி வை. முவிலா நன்றாகப் படிக்கட்டும்.

வேறு விசேஷம் இல்லை.

கசோண்டே

~

சிலென்ஜே, லுசாக்கா
16 மார்ச் 1988

அன்புள்ள முவிலாவின் அப்பாவுக்கு,

சிலேஷே எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் முவிலாவும் நலம். மழை இந்த வருடம் கொட்டித் தீர்த்துவிட்டது. சோளம் ஆளுயரம் நிற்கிறது. அம்மாவின் கால் அப்படியேதான் இருக்கிறது. ராத்திரியில் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

மூன்று நாள் என்று எழுதியிருந்தீர்கள். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டீர்களா? கெய்ரோ சாலையில் இருக்கிற அதே டிக்கெட் ஆபீஸில்தான், அதே ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கால அட்டவணைப் புத்தகம் என் வலக்கைப் பக்கம், மைல் புத்தகம் இடக்கைப் பக்கம். ஒன்பது வருடமாக ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் தூரம் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் பார்த்தேன்.

லுசாக்காவுக்கும் வான்கூவருக்கும் நடுவே லண்டன் வழியாக ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் மைல். கிலோமீட்டரில் பதினைந்தாயிரத்து ஐந்நூறு. உலகப்படத்தில் நூல் பிடித்துப் பார்த்தால் லண்டன் ஏறக்குறைய நேர்வழியிலேயே இருக்கிறது, சுற்றுகூட இல்லை. வானத்தில் இருப்பது இருபது மணி நேரத்துக்குள். லண்டனில் உட்கார்ந்திருப்பதையும் சேர்த்தால் இருபத்தேழு மணி நேரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அங்கே ஏறினால் வியாழன் காலை ஆறரைக்கு இங்கே. செவ்வாய், புதன், வியாழன் என்று விரல் விட்டதால் உங்களுக்கு மூன்று நாளாகத் தெரிந்திருக்கிறது. இடையில் ஒன்பது மணி நேரம் கடிகாரம்தான் ஓடுகிறதே தவிர, ஆள் ஓடுவதில்லை. திரும்பிப் போகும்போது அந்த ஒன்பதும் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். ஆக, ஒரு வார விடுப்பில் நான்கு முழு நாள் அம்மாவோடு இருக்கலாம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“மூணு நாளா? நடந்தா வர்றான்? றெக்கை வெச்ச வண்டியிலதானே வர்றான்!” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அவன் மேல குத்தமில்லடி. வீட்டுல இழுக்கிற மாதிரி ஒருத்தி இருந்தா எத்தனை மைலா இருந்தா என்ன, பறந்து வந்திருப்பான். உன் கைச் சோறு அவனைக் கூப்பிடல” என்றார். பக்கத்து வீட்டு பனாமுசொண்டாவும் இருந்தார். வழக்கமாகச் சொல்வதுதான், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. மறுநாளே ஆள் விட்டுத் தம் தையல் மெஷினை விற்றுவிட்டார். மீதிக்கு நான் ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடிச் சரிக்கட்டினேன். உங்கள் டிக்கெட் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. என் கையாலேயே எழுதியது. தேதி மட்டும் நீங்கள் அங்கே போட்டுக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முவிலா ஒரு முத்தம் அனுப்புகிறாள்.

சிலேஷே

~

தந்தி
வான்கூவர், 4 மே 1988

டிக்கெட் கிடைத்தது. ஜூன் 16 வியாழன் காலை வருகிறேன். அம்மாவிடம் சொல்.

கசோண்டே

~

சிலென்ஜே, லுசாக்கா
19 ஜூன் 1988

அன்புள்ள முவிலாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாததால் இதை வழக்கமான தபால் பெட்டி எண்ணுக்கே அனுப்புகிறேன். நீங்கள் எங்களுக்குத் தந்திருப்பது அது ஒன்றுதானே.

வியாழக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கே அம்மா எழுந்து, குளித்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். புதுத் துணி எடுத்து வைத்திருந்தார், பச்சையில் மயில்கழுத்து நிறப் பூப் போட்டது. வீங்கிய காலுக்குச் செருப்பு நுழையவில்லை. முவிலாவின் பள்ளிக்கூடக் காலுறையை வெட்டிப் போட்டுவிட்டேன். பனாமுசொண்டாவின் தம்பி வண்டி கொண்டுவந்தார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கி, நாலு பேராகத் தூக்கி, கையசைக்கிற மாடிக்கு ஏற்றினோம். கீழேயே இருக்கலாம், குளிர் அடிக்கிறது என்று அங்கிருந்த காவலர் சொன்னார். “அவன் படியில கால் வெக்கிறப்ப என் மூஞ்சிதான் மொதல்ல தெரியணும்” என்று அம்மா கேட்கவில்லை. ஜூன் மாதக் காற்று, உங்களுக்குத் தெரியாததா? போர்வைக்குள்ளிருந்து பல் அடித்துக்கொள்கிற சத்தம் வெளியே கேட்டது.

ஆறு இருபதுக்கே விமானம் தரை தொட்டுவிட்டது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கோட்டுப் போட்டு யார் இறங்கினாலும் அம்மா கையைத் தூக்கினார். உயரமாக ஒருவர் இறங்கியபோது, “அதோ! பெருத்துட்டான், பாருங்க!” என்று கத்தினார். அது ஒரு பாதிரியார். முவிலா எண்ணிக்கொண்டே வந்தாள். நூற்று நாற்பத்திரண்டு பேர். பிறகு விமானப் பணிப்பெண்கள். பிறகு விமானிகள். பிறகு துடைப்பத்தோடு கூட்டுகிறவர்கள் உள்ளே ஏறினார்கள்.

“போகலாம் அம்மா” என்றேன்.

“இருடி. இன்னும் ஒருத்தன் உள்ள இருக்கான். தூங்கிட்டு இருப்பான். சின்ன வயசுலயே அப்படித்தான், வண்டியில ஏறுனா எழுப்ப முடியாது. கூட்டுறவங்க எழுப்பி விடுவாங்க.”

கூட்டுகிறவர்களும் இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பச்சைத் துணியைத் தாமே மடித்து, பெட்டியில் வைக்காமல் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

சிலேஷே

~

வான்கூவர்
22 ஜூன் 1988

அன்புள்ள சிலேஷேவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். இதை எழுதவே கை கூசுகிறது. லண்டன் வரைக்கும் வந்துவிட்டேன்! பாதி தூரம்! அங்கே இறங்கியபோது ஒரே மூடுபனி. எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. எல்லாம் தாமதம், எல்லாம் குழப்பம். லுசாக்கா விமானத்தைக் கோட்டைவிட்டேன். அடுத்த வாரம் வரைக்கும் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். விடுப்பு முடிந்துவிடும் என்று வந்த வழியே திரும்பினேன். ஒரு பயலும் என்னைப் போல அலைந்திருக்க மாட்டான்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல். அவருக்குப் புரியும். அவர் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார். அவருக்கென்று ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த முறை நேரில் தருவேன்.

கசோண்டே

~

சிலென்ஜே, லுசாக்கா
20 ஜூலை 1988

அன்புள்ள முவிலாவின் அப்பாவுக்கு,

நானும் முவிலாவும் நலம். மாடியில் காற்றில் உட்கார்ந்த அன்றிலிருந்து அம்மாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறோம்.

மூடுபனி என்று எழுதியிருந்தீர்கள். அன்றைய லண்டன் விமானம் பத்து நிமிடம் முன்னதாகவே வந்திறங்கியது. ஆனாலும் நீங்கள் எழுதிய வார்த்தையை மாற்றாமல் அம்மாவிடம் மூடுபனி என்றே சொன்னேன். கேட்டுவிட்டு, “பனியில புள்ளைக்குச் சளி பிடிச்சிருக்குமே” என்றார். இருமிக்கொண்டேதான் சொன்னார்.

லண்டனிலிருந்து இங்கே வருகிற டிக்கெட் தாள் இன்னும் கிழிக்கப்படாமல் உங்களிடம்தானே இருக்கிறது? பத்திரமாக வைத்திருங்கள். ஒரு வருடம் செல்லும். சௌகரியப்பட்டபோது வாருங்கள். சீக்கிரம் சௌகரியப்பட்டால் நல்லது.

சிலேஷே

~

வான்கூவர்
2 அக்டோபர் 1988

அன்புள்ள சிலேஷேவுக்கு,

நலம். மூன்று மாதமாக எழுத முடியாமல் போயிற்று, வேலை அப்படி. உன்னிடமிருந்தும் கடிதம் இல்லை. அம்மா எப்படி இருக்கிறார்? இருமல் நின்றதா? அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே.

ஒரு சின்ன விஷயம். என்னோடு வேலை பார்க்கிற ஒரு நண்பன், நம் நாட்டுக்காரன்தான். இங்கே ஒரு பெண்ணைக் கட்டியிருக்கிறான். போன மாதம் ஆண் குழந்தை. அவனுக்குப் பெரியவர்கள் யாரும் இல்லை. முன்னோரில் யார் பெயரை வைப்பது என்று சொல்ல ஆளில்லாமல் தவிக்கிறான். குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறதாம். சரியான பெயர் வைக்காததால்தான் அழுகிறது என்று அவனுக்கு ஒரு பயம். இங்கத்தியப் பெண்ணுக்கு இதெல்லாம் புரிவதில்லை. நம் அம்மா வாயால் ஒரு பெயர் கேட்டுச் சொல்ல முடியுமா என்றான். அம்மாவைக் கேட்டு எழுது. தாமதிக்காதே.

கசோண்டே

~

சிலென்ஜே, லுசாக்கா
27 அக்டோபர் 1988

அன்புள்ள முவிலாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாமரங்களில் காய் பிடித்திருக்கிறது. அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. இப்போது வலி என்று எதுவும் சொல்வதில்லை.

உங்கள் நண்பரின் விஷயத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா என்னவெல்லாம் சொன்னார் என்று அப்படியே எழுதுகிறேன்.

“எந்தக் கூட்டாளிடி? பேரு இல்லாத கூட்டாளிக்குப் பேரு இல்லாத புள்ளையா? நல்லாத்தான் சேர்ந்தாங்க போ!” என்று முதலில் சிரித்தார். அப்புறம் சொன்னார்: “பேரு இருக்கு. என் வாயில இருக்கு. ஆனா அதை உறையில போட்டு ஒட்டி அனுப்புறதுக்கு அது என்ன காஞ்ச மீனா? புள்ளையப் பெத்தவன் வரட்டும். இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல முட்டி போட்டு உட்காரட்டும். அவன் காதுல சொல்றேன். அவன் போய்ப் புள்ள காதுல சொல்லட்டும். இல்லேன்னா அது அழுதுட்டேதான் கிடக்கும்.”

நான், “அவருடைய நண்பர் எப்படி அம்மா இவ்வளவு தூரம் வருவார்?” என்றேன். “நண்பன் வர வேண்டாம்டி, இவன் வந்தாப் போதும்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மழை முடிவதற்குள் வரச் சொன்னார். அதற்கு மேல் எனக்கு உத்தரவாதம் இல்லை என்றார்.

சிலேஷே

~

வான்கூவர்
20 நவம்பர் 1988

அன்புள்ள சிலேஷேவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவின் குரல் அப்படியே காதில் விழுந்தது. காஞ்ச மீன்! அவரைத் தவிர யாருக்கு அப்படிப் பேச வரும்? படித்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதேன்.

இந்த முறை வருகிறேன். வெறும் பேச்சில்லை. புது டிக்கெட் நானே எடுத்துவிட்டேன். ஜனவரி 10 செவ்வாய் புறப்பாடு, 12 வியாழன் காலை லுசாக்கா. பழைய தாளைப் பற்றிக் கேட்காதே, அது ஒரு கதை. அம்மா நடக்க வேண்டாம், விமான நிலையத்துக்கு வர வேண்டாம். கட்டிலிலேயே இருக்கட்டும். நான் வந்து முட்டி போடுகிறேன். நான்கு வருடமாக அவருக்கு நான் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். அதையும் அவர் காதில் சொல்ல வேண்டும். கால் வீக்கத்துக்கு இங்கே புதிதாக வந்திருக்கிற மாத்திரைகளும் கொண்டுவருகிறேன்.

அவரிடம் சொல்: உன் மகன் வருகிறான். அதுவரைக்கும் இருக்கச் சொல்.

கசோண்டே

~

சிலென்ஜே, லுசாக்கா
9 டிசம்பர் 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

முவிலா எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் நலமா? எனக்குப் பதினோரு வயதாகிவிட்டது. வகுப்பில் மூன்றாவது. அம்மாவின் மேசையில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டேன். படித்தது தப்பு. அதில் என்னைப் பற்றி எதுவும் இல்லை, இடம் இருந்திருக்காது.

அப்பா, பாட்டி இறந்துவிட்டார். ஆகஸ்டு ஒன்பதாம் தேதி. சளியினால். உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அத்தைகளிடம் அம்மா, “அவருக்குத் தந்தி கொடுத்துட்டேன், வர முடியாதாம், அடக்கம் பண்ணச் சொல்லிட்டார்” என்று சொன்னார். ஆனால் தந்தி கொடுக்கவில்லை. நான் கேட்டதற்கு, “உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே” என்றார்.

பேர் வைக்கிற கடிதத்தை அம்மாதான் எழுதினார். எழுதும்போது ஒவ்வொரு வரியையும் பாட்டி குரலில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினார். அடுத்த அறையில் படுத்திருந்த எனக்குப் பாட்டி வந்துவிட்டார் என்று நினைத்து முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பயமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து காலிக் கட்டிலைப் பார்த்தால் நீங்கள் எல்லோர் முன்னாலும் அழ வேண்டியிருக்கும். அதனால்தான் இப்போதே சொல்கிறேன். விமானத்தில் வருகிற இருபது மணி நேரத்தில் அழுது முடித்துவிடுங்கள். இறங்கும்போது சரியாகிவிடும். புதைத்த இடத்துக்கு எனக்கு வழி தெரியும், நானே கூட்டிப்போகிறேன். ஜனவரி 12 வியாழக்கிழமை நான் மாடியில் நிற்பேன். மஞ்சள் கவுன். உங்களுக்கு என் முகம் மறந்திருக்கலாம், அதற்காகச் சொல்கிறேன்.

தபால் தலை அம்மாவின் பையிலிருந்து எடுத்தேன். அதையும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்
முவிலா

~

வான்கூவர்
2 ஜனவரி 1989

சிலேஷேவுக்கு,

முவிலாவின் கடிதம் இன்று வந்தது.

என் அம்மா மண்ணுக்குள் போன பிறகு அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு பேசியிருக்கிறாய். உனக்குக் கை நடுங்கவில்லையா? மனிதப் பிறவி செய்கிற காரியமா இது?

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உயிரோடு இருக்கிற அம்மாவைப் பார்க்கத்தான் இருபத்தேழு மணி நேரம் உட்கார்ந்து வர இருந்தேன். மண்மேட்டைப் பார்க்க அல்ல. அவர் இல்லாத ஊரில் எனக்கு யாரும் இல்லை.

நண்பன், கூட்டாளி என்றெல்லாம் இனி மறைக்கத் தேவையில்லை. எனக்கு இங்கே மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான். அவனுக்கு அவள் அப்பாவின் பெயரையே வைத்துவிட்டோம். அழுகையும் நின்றுவிட்டது.

இந்தத் தபால் பெட்டியை இம்மாதத்தோடு விட்டுவிடுவேன். எழுதாதே.

கசோண்டே

~

சிலென்ஜே, லுசாக்கா
26 ஜனவரி 1989

கசோண்டே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 23-ம் தேதி வந்தது. பெட்டியை மூடுவதற்குள் இது சேரட்டும் என்று நம் ஊர் ஆள் ஒருவர் கையில் லண்டன் வரை கொடுத்தனுப்புகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கை நடுங்கவில்லை.

போன ஜூன் எட்டாம் தேதி, நீங்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு எட்டு நாள் முன்பு, எங்கள் ஆபீஸ் டெலெக்ஸில் ஒரு செய்தி வந்தது. வான்கூவரிலிருந்து லுசாக்கா டிக்கெட்டைப் பயணி மாற்றிக்கொள்ள விரும்புகிறார், அதற்குப் பதில் வான்கூவர்-ஹொனலூலு, போக வர, இரண்டு பேருக்கு. டிக்கெட் எழுதிக் கொடுத்த ஆபீஸ் சம்மதிக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பெயர்களும் இருந்தன. இரண்டுக்கும் உங்கள் குடும்பப் பெயர்தான். என் மேசைக்குத்தான் வந்தது. மைல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். இரண்டாயிரத்து எழுநூறு மைல், ஆறு மணி நேரம். ‘சம்மதம்’ என்று அடித்து அனுப்பிவிட்டேன். அம்மாவின் தையல் மெஷினில் நீங்கள் கடலுக்குப் போய் வந்தீர்கள்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் அம்மாவை அந்த மாடிக்குத் தூக்கிப் போனேன். முந்தைய நாளே சொல்லியிருக்கலாம். நான்கு வருடமாக என் சமையலையும் என் படுக்கையையும் ஊர் கேட்கப் பேசிக்கொண்டிருந்தாரே, தம் பிள்ளை வராததைத் தம் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டேன். பார்த்தேன். அன்றைய குளிர்தான் அவரைக் கொண்டுபோயிற்று. உங்களுக்கு அதில் பாதி, எனக்குப் பாதி. எனக்கு வந்த பாதியோடு நான் இந்த வீட்டில் தூங்கி எழுகிறேன்.

கடைசி நாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் உன்னைப் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. எவன் மேலயோ இருந்த கோபம், பக்கத்துல நீதான் இருந்தே” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். உங்கள் பன்னிரண்டு கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அம்மா என்ற பேச்சு இல்லாத கடிதம் அதில் ஒன்றும் இல்லை. முவிலா என்ற பெயர் இருப்பவை மூன்று. அம்மா போய்விட்டார் என்று தெரிந்தால் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். உங்களை இங்கே வரவழைத்து, வெறுங்கட்டிலின் பக்கத்தில் முட்டி போட வைத்து, அப்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஜனவரி 12 அன்று அந்த வார்த்தைகளோடுதான் கீழே கம்பி ஓரமாக நின்றேன். முவிலா மேலே இருந்தாள். விமானம் காலியானதும் அவள் இறங்கி வந்து, “அம்மா, ஏணியை எடுத்துட்டாங்க” என்றாள்.

அவள் உங்களுக்கு எழுதியது எனக்கு 23-ம் தேதிதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவளே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பாட்டி போனதை அப்பாவுக்கு எழுதிட்டேன்.”

அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தேன்.

“அதைப் படிச்சிட்டுத்தான் வரலையா? நான் சொல்லாம இருந்திருந்தா வந்திருப்பாரா?”

உங்கள் கடிதம் அப்போது என் பைக்குள் இருந்தது. ‘அவர் இல்லாத ஊரில் எனக்கு யாரும் இல்லை’ என்ற வரியோடு. கசோண்டே, என் வயிற்றில் எத்தனையோ விஷம் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். “ஆமாம், உன்னாலதான்” என்றோ, “நீ எழுதியும் வரல பார், அவ்வளவுதான் நீ அவருக்கு” என்றோ. இரண்டுமே உண்மை.

“என்ன கடிதம்?” என்றேன். “அப்பாவுக்கு எந்தக் கடிதமும் போய்ச் சேரலையே. கிறிஸ்துமஸ் சமயத்துல பாதித் தபால் தொலைஞ்சு போகும். பரிசோதனைக் கூடத்துல ஏதோ அவசர வேலைன்னு எழுதியிருக்கார்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கடைசியில், “அப்ப இன்னொண்ணு எழுதவா?” என்றாள்.

எழுது என்று சொல்லிவிட்டேன். இப்போது அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்று தாள் ஆகிவிட்டது. இதோடு அதையும் வைத்து அனுப்புகிறேன். பிரிக்காமல் குப்பையில் போடுங்கள், அது உங்கள் இஷ்டம். வர வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கு எழுத வேண்டும் என்றும் கேட்கவில்லை. எவ்வளவோ பொய் எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றையும் நான் அட்டவணையைப் பார்த்துப் பிடித்திருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு பொய், இரண்டு வரி, அவள் பெயருக்கு எழுதிப் போடுங்கள். முதல் கடிதம் வரவில்லை என்று. அதை மட்டும் நான் சரிபார்க்க மாட்டேன்.

சிலேஷே